கோபேயில் நான் அழவில்லை

அன்பு மகனுக்கு, உன் அம்மாவின் சலாம்.

நேற்றுக் காலை நீ போன் செய்து, போய்ச் சேர்ந்து நாலு நாளில் ஊர் பழகிவிட்டது என்று சொன்னபோது எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி பாதி போனது அடுத்த நிமிடத்தில். "ம்மா, நேத்துலேர்ந்து இங்க தெரு முழுக்க ஒரு வாசன அடிக்குதும்மா. பழம் மாதிரியும் இருக்கு, பூ மாதிரியும் இருக்கு. என்னன்னே தெரியல" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. "அது கின்மொகுசெய்டா. இலைக்கு நடுவுல ஆரஞ்சு கலர்ல கடுகு கடுகா பூத்திருக்கும் பாரு. ஒரு வாரம்தான் இருக்கும், ஒரு மழை பெஞ்சா அத்தனையும் கொட்டிடும். அதுக்குள்ள மலைப் பக்கம் ஏறி ஒரு நட நடந்துட்டு வா" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.  பிறகு மெதுவாகக் கேட்டாய். "ம்மா, ஃபேக்டரிய விட்டா ரூமு, ரூம விட்டா ஃபேக்டரின்னுதான நீ சொல்லுவ? ஒரு வருஷமும் அழுதுட்டே இருந்தேன்னு சொன்னியே?"  "குக்கர் விசில் அடிக்குது, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. போனின் ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்ததால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உன் அத்தா, சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நான் மறுபடி ஏதாவது குக்கரை ஏற்றிவிடுவேன். எழுதினால் அடித்துத் திருத்தியாவது உண்மைக்கு வந்து சேருவேன் என்று ஒரு நம்பிக்கை. நீ சிறு பையன் இல்லை. வேலைக்குச் சேர்ந்து நாலே மாதத்தில் கம்பெனி நம்பி கடல் தாண்டி அனுப்பியிருக்கும் ஆள். அம்மா பொய் சொன்னாள் என்று தெரிந்தால் தாங்குவாய்.

நீ பிளஸ் டூ படித்த வருடம் நான் போனேன். குரோம்பேட்டை ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் எனக்கு அப்போது பதினாறு வருட சர்வீஸ். ஒரு செருப்போ ஷூவோ எத்தனை துண்டுத் தோலாக வெட்டப்பட வேண்டும், எந்தத் துண்டு எந்த வளைவில் போக வேண்டும் என்று அட்டையில் வரைந்து வெட்டித் தரும் வேலை. ஜப்பானில் கோபே என்ற துறைமுக ஊரில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனி, எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் தருவதற்கு முன்னால், அவர்கள் முறையில் பேட்டர்ன் போடக் கற்றுக்கொள்ள ஒரு ஆளை ஒரு வருடம் அனுப்பச் சொன்னது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து, தன் ரிப்பேர் கடையிலிருந்து எடுத்துவந்த ஒரு மிக்சி மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அத்தாவிடம், வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற தைரியத்தில் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே "போயிட்டு வாயேன். ஒரு வருஷம்தான. நானும் அவனும் சமாளிச்சுக்குவோம்" என்றார். என் வாய் வரை வந்திருந்த காரணங்களெல்லாம் அப்படியே நின்றுவிட்டன. எனக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் போகவேண்டும் என்ற ஆசை இருந்தது என்பதை அந்த நிமிடம்தான் கண்டுபிடித்தேன்.

ஊருக்குக் கிளம்பும் முன்பு உன் மாமி, அத்தாவின் அக்கா, பல்லாவரத்திலிருந்து வந்தார். நல்ல மனசுக்காரர், உனக்குத் தெரியும். நான் இல்லாத வருடம் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் பிடித்து வந்து உங்கள் இருவருக்கும் சமைத்துப் போட்டவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு என் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "பெத்த புள்ளைய பரிட்சை வருஷத்துல விட்டுட்டுப் போறியேம்மா, அங்க போயி உனக்கு சோறு எறங்குமா?" என்றார். குத்திச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். அந்தக் கேள்வி விமானத்தில் என்னோடு ஏறி, என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது.

முதல் ஒன்பது நாள் சோறு இறங்கத்தான் இல்லை. அது பொய்யில்லை. சின்ன அறை, யாரோடும் பேச்சு இல்லை, எல்லா எழுத்தும் கோலம் மாதிரி இருந்தது. பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஃபேக்டரியில் தையல் பிரிவில் வேலை செய்யும் நிஷிமுரா சான் வந்து கதவைத் தட்டினாள். என் வயசுதான், நாற்பத்தொன்று. தனியாக இருப்பவள். சிரித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அவளுக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும், எனக்கு ஐந்து ஜப்பானிய வார்த்தை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓர் ஆற்றங்கரைக்குப் போனாள். ஃபேக்டரி ஆட்கள் எல்லாம் நீல பிளாஸ்டிக் ஷீட் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மேலே செரி மரங்கள். பூ முடியப்போகும் நாட்கள் அவை. காற்று அடிக்கும்போதெல்லாம் இதழ் இதழாகக் கொட்டி, ஆறு முழுவதும் வெளிர் ரோஸ் நிறத்தில் நகர்ந்து போனது. அவர்கள் குடித்தது வேறு, எனக்கென்று ஆரஞ்சு ஜூஸ் வாங்கி வைத்திருந்தார்கள். என் சோற்று டப்பாவில் ஓர் இதழ் விழுந்தது. எடுத்துப் போடாமல் அதைப் பார்த்துக்கொண்டே முழு டப்பாவையும் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் உங்களுக்கு போன் செய்யும் முறை. ஆறு என்ன, பூ என்ன என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமி போனை வாங்கி, "சாப்பிட்டியாம்மா?" என்றார். "எறங்கல மாமி" என்றேன். அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அந்தப் பக்கம் மாமியின் குரல் அப்படியே உருகிவிட்டது. "பாவம் புள்ள. அழாதம்மா, நாங்க இருக்கோம்" என்றார். பிறகு நீ வாங்கி "அழாதம்மா" என்றாய். அத்தாவும் அதையே சொன்னார். தம்பி, நான் விட்டுவிட்டு வந்த குற்றத்தை நீங்கள் எல்லோரும் சேர்ந்து மன்னித்த மாதிரி இருந்தது. அழுதுகொண்டிருக்கும் தாயை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அழுதேன், போனில் மட்டும்.

அந்த ஊரை நீ இப்போது நாலு நாள்தான் பார்த்திருக்கிறாய், அதனால் சொல்கிறேன். அங்கே வடக்கு, தெற்கு என்று யாரும் வழி சொல்வதில்லை. மலைப் பக்கம், கடல் பக்கம், அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்பின் மலைப் பக்கம், கடையின் கடல் பக்க வாசல். நாம் மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷன் பக்கம், ஏரிப் பக்கம் என்று சொல்வது போலத்தான். அதனால் எனக்கு அந்த ஊரில் ஒரு நாளும் வழி தப்பவில்லை. என் அறை ஒரு மேட்டுத் தெருவில் இருந்தது. காலையில் இறங்கிப் போகும்போது தெருவின் அடியில் கடல் தெரியும், அதில் ஏதாவது ஒரு கப்பல் நிற்கும். சாயங்காலம் ஏறி வரும்போது முகத்துக்கு நேரே மலை. பதினாறு வருடம் தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு மின்சார ரயிலில் ஒற்றைக் காலில் நின்று போன எனக்கு, வேலைக்கு நடந்து போவதே ஒரு விருந்தாக இருந்தது.

ஜூனில் மழை வந்தது. நம் மழை மாதிரி அடித்துப் பெய்கிற மழை இல்லை, ஊருக்குத் தெரியாமல் பெய்கிற மழை. சுவரோரம் எல்லாம் பந்து பந்தாக நீலப் பூக்கள். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடிக் குடை விற்பார்கள் பார், அதில் ஒன்று வாங்கினேன். மழையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். உங்களிடம், "ஒரே மழை, துணி காயல, கை கால் எல்லாம் வலி" என்றேன். ஆகஸ்டில் துறைமுகத்தில் வாணவேடிக்கை. நிஷிமுரா சான் எனக்கு ஒரு பருத்தி யுகாத்தாவை, அதுதான் அங்கே கோடைக்குப் போடும் மெல்லிய அங்கி, உடுத்திவிட்டாள். மேலே என் முக்காடு. இடுப்புத் துணியைக் கட்டிவிட்டு என்னைச் சுற்றி ஒரு சுற்று வந்து பார்த்து, "யோஷி" என்றாள். சரி, ஓகே என்று அர்த்தம். மரச் செருப்பு ஒன்றும் கொடுத்தாள். நான் அதைப் போடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, வார் எந்த இடத்தில் கோத்திருக்கிறார்கள் என்று விரலால் அளந்துகொண்டிருந்தேன். "வேலைக்கு வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறோம்" என்று கையாலேயே சொல்லி அதட்டினாள். கடலுக்கு மேல் முதல் வாணம் விரிந்தபோது கூட்டத்தோடு நானும் வாய்விட்டுக் கத்தினேன். மறுநாள் போனில் தலைவலி என்று படுத்திருந்ததாகச் சொன்னேன்.

அக்டோபரில் நோன்பு வந்தது. அந்த ஊரில் மேட்டில் ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது, போரிலும் பூகம்பத்திலும் விழாமல் நின்றது என்று சொல்வார்கள். ஃபேக்டரி முடிந்ததும் நோன்பு திறக்க அங்கே நடந்து போவேன். வெறும் வயிறு, வறண்ட நாக்கு, அந்தி வெளிச்சம். திடீரென்று ஒரு சந்து திரும்பினால் அந்த வாசனை. நீ கேட்டாயே, அது. முதல் நாள் யாரோ அத்தர் பூசிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நாள் அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். உள்ளே போனால் பெண்கள் பகுதியில் இந்தோனேசியா, துருக்கி, பாகிஸ்தான் என்று பல தேசத்து முகங்கள். யாருக்கும் யாருடைய பாஷையும் தெரியாது. பேரீச்சம்பழத் தட்டு மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாகத் தொழுத நாட்கள் வேறு இல்லை.

பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னால், நீங்கள் போனை எடுக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அத்தாவின் செல்லில் பிடித்தேன். "லைன் கோளாறு. இங்க கொஞ்சம் மழை, வேற ஒண்ணுமில்ல. நீ அழாம இரு" என்றார். நான் நம்பினேன். எனக்கு நம்ப வசதியாக இருந்தது. நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, நீ டியூஷன் போயிருப்பதாக மாமி சொன்னார். அடுத்த ஞாயிறும் டியூஷன். "நல்லா படிக்கறான்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, நிஷிமுரா சானோடு கேபிள் கார் ஏறி மலைக்குப் போனேன். மேப்பிள் மரங்கள் தீப்பிடித்த மாதிரி சிவந்திருந்தன. வண்டியில் சுட்டு விற்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்கை வாங்கி, ஆளுக்குப் பாதி, கையைச் சுட்டுக்கொண்டு தின்றோம். கீழே துறைமுகம் முழுவதும் ஒரு தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது.

ஜனவரியில் ஒரு விடிகாலை, நிஷிமுரா சான் என்னை ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனாள். வெட்டிய மூங்கில்களுக்குள் விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் சத்தமில்லாமல் நின்றார்கள். பதினோரு வருடம் முன்பு பூகம்பம் வந்த நேரம் அது. எங்கள் ஃபேக்டரி இருந்த பகுதி முழுவதும் அன்று எரிந்ததாம். ஷூ ஒட்டுகிற பசை தீப்பிடிக்கக் கேட்க வேண்டுமா. அவளுடைய அம்மா அதில்தான் போனார். திரும்பி வரும் வழியில், அதற்குள் எனக்குப் புரிகிற அளவு பாஷை வந்திருந்தது, அவள் ஒன்று சொன்னாள். அம்மாவை இழந்து மூன்று வாரம் கழித்து, தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் யாரோ உருட்டிக் கொடுத்த சோற்று உருண்டை கையில் உதிர்ந்துபோனதாம். இவள் சிரித்துவிட்டாளாம். பயந்து பார்த்தால் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். "அன்னைக்கு சிரிச்சதுக்கு நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல" என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்தது. ஆனால் அந்த ஞாயிறும் நான் உங்களிடம் பொய்தான் சொன்னேன்.

மார்ச் கடைசியில் திரும்பி வந்தேன். வீட்டுக்குப் புதுசாக நீல பெயின்ட் அடித்திருந்தீர்கள். ஃபிரிட்ஜ் புதுசு. "அம்மா வர்றாங்கன்னு" என்றாய். நீ மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தாய். பரீட்சைக் களைப்பு என்றார் அத்தா. இரண்டாம் நாள் இரும்பு பீரோவைத் திறந்தேன். கீழ்த் தட்டு முழுவதும் துரு. என் கல்யாணப் புடவையில் பாதி வரை சேற்றுக் கறை. அதற்கு மேல் தட்டில் ஆஸ்பத்திரி ஃபைல், உன் பெயரில். மஞ்சள் காமாலை. ஒன்பது நாள் உள்ளே இருந்திருக்கிறாய். அத்தாவைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்றபடியே சொன்னார். ஏரி உடைத்துக்கொண்டு முடிச்சூர் ரோடே ஆறாகி, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நீங்கள் இருவரும் மொட்டை மாடியில் இரண்டு நாள். பிறகு சேறு அள்ளினீர்கள். அந்தத் தண்ணீர்தான் உனக்குக் காமாலையாக வந்தது. அரைப் பரீட்சை எழுதவில்லை. முழுப் பரீட்சையை இன்னும் தேறாத உடம்போடு எழுதியிருக்கிறாய்.

ஃபைலில் தேதி இருந்தது. நீ ஊசியோடு படுத்திருந்த அந்த ஞாயிறு நான் மலை மேல் கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கிழங்கின் ருசி நாக்கில் அப்படியே இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. மே மாதம் மார்க் வந்து, இன்ஜினியரிங் கிடைக்காமல் நீ பொத்தேரி கல்லூரியில் பி.எஸ்ஸி சேர்ந்தபோது, ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டு பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று முடிவு செய்தேன், நான் அங்கே ஒரு நாள்கூட சந்தோஷமாக இருந்தேன் என்று எந்த ஜீவனுக்கும் தெரியக்கூடாது என்று. போட்டோக்களை ஒரு ஷூ பெட்டியில் போட்டு குரோம்பேட்டை ஃபேக்டரி லாக்கரில் பூட்டினேன். கல்யாண வீடுகளில் யாராவது "ஜப்பான் எப்படி?" என்று கேட்டால், "அய்யோ, மனுஷி இருப்பாளா அங்க" என்றேன். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். நிஷிமுரா சான் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கார்டு போட்டாள். மூன்று கார்டு. ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. அவளுக்கு எழுதினால், சந்தோஷமாக இருந்த அந்தப் பொம்பளை மறுபடி உயிரோடு வந்துவிடுவாள் என்று பயந்தேன்.

இப்போது உன் கம்பெனி உன்னை அதே ஊருக்கு அனுப்புகிறது என்றதும் நீ எப்படி முகம் வெளுத்தாய் என்று பார்த்தேன். "அம்மாவே ஒரு வருஷம் அழுத ஊரு" என்று உன் ஃபிரெண்டிடம் சொன்னதும் காதில் விழுந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாயோ என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கம்பளிச் சட்டை எடுத்துக்கோ, இட்லிப் பொடி எடுத்துக்கோ, இதுதான் சொன்னேன். நீ ஜெயிலுக்குப் போகிறவன் மாதிரி மீனம்பாக்கத்தில் உள்ளே போனாய். உன் பயத்துக்கு நான்தான் காரணம் என்று தெரிந்தே கையாட்டினேன். அதற்காக என்னை மன்னித்துவிடு.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். போனை வைத்த பிறகு அத்தா என் எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு, "நெஜமாவே நல்லா இருந்தியா அங்க?" என்றார்.

"இருந்தேங்க."

"எத்தன நாளு?"

"மொத ஒம்போது நாளு தவிர, மிச்சம் எல்லா நாளும்."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தபடியே, "இன்னா பொம்பள நீ" என்று ஆரம்பித்தார். "தண்ணி உள்ள வந்துகினே கீது, நான் மொட்ட மாடில அவன புடிச்சுகினு நிக்கறேன். அப்ப இன்னா நெனச்சேன் தெரியுமா? இங்க நாங்க இப்படி நிக்கறோம், அங்க அவ தனியா அழுதுகினு இருக்கா, ரெண்டு பக்கமும் என்னால ஒண்ணும் பண்ண முடியலியேன்னு. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு பக்கமாவது நிம்மதியா நின்னுகினு இருந்திருப்பேனே."

 அவர் விடவில்லை. "ஆஸ்பத்திரில அவன் என்ன சொன்னான் தெரியுமா? அம்மாகிட்ட சொல்லாதீங்கத்தா, ஏற்கெனவே அழுதுகினு இருக்காங்கன்னு. நீ அழுததாலதான் நாங்க சொல்லல. நீ சந்தோஷமா இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போம்."

எனக்கு இது மூன்றரை வருடமாகத் தோன்றவே இல்லை, தம்பி. நான் உங்களுக்காகத்தான் துக்கத்தை நடித்தேன் என்று நினைத்திருந்தேன். அந்த நடிப்பு உங்கள் முதுகில் இன்னொரு மூட்டையாக ஏறியிருக்கிறது. நான் அழுகிறேன் என்று நீங்கள் மறைத்தீர்கள். நீங்கள் மறைத்ததால் நான் கிழங்கு தின்றேன். கிழங்கு தின்றதற்காக மறுபடி நான் மறைத்தேன். இதை யோசித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "குக்கர் விசிலாம் குக்கர் விசில்" என்றார். அவ்வளவுதான், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கு போன் போட்டு அவரே சொன்னார். மாமி, "அல்ஹம்துலில்லாஹ், அப்ப புள்ளைக்கு சோறு எறங்கிச்சு" என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் என் மார்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அது அங்கே இருந்தது என்றே மறந்துபோயிருந்தேன்.

சாயங்காலம் லாக்கரிலிருந்து ஷூ பெட்டியை எடுத்துவந்தேன். அத்தா ஒவ்வொரு போட்டோவாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது எந்த மாசம், இது யாரு, இந்தக் கப்பல் எந்த ஊருக்குப் போகுது என்று கேள்வி மேல் கேள்வி. யுகாத்தா போட்டோ வந்தபோது மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதைத் தனியாக எடுத்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உனக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் எங்களிடம் சோகமாக இருக்க வேண்டும் என்று முயற்சி செய்யாதே. மலை ஏறினாய் என்றால் ஏறினேன் என்று சொல். இங்கே மழையா, கரண்ட் இல்லையா, எனக்கு முட்டி வலியா, நாங்கள் சொல்கிறோம், ஒன்றையும் ஒளிக்க மாட்டோம். அதைக் கேட்டுவிட்டு நீ அடுத்த ஞாயிறும் மலை ஏறு. நாங்கள் கஷ்டப்படும்போது நீ சேர்ந்து கஷ்டப்பட்டால் எங்கள் கஷ்டம் குறையும் என்பது கணக்கே இல்லை, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாளை உனக்கென்று ஒருத்தி வந்து, அவளும் ஒரு நாள் எங்காவது தூரம் போக வேண்டி வந்தால், அவளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு நிறுத்தாதே. "இன்னைக்கு என்ன பார்த்த?" என்று கேள். அப்படி ஒருவர் என்னைக் கேட்டிருந்தால் நான் ஆற்றில் போன பூவைச் சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. நீ கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நானும் உன்னை "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தோடு ஒரு விலாசம் வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிறு போய் நிஷிமுரா சானைப் பார். மூன்று கார்டுக்கும் பதில் போடாத என் மேல் அவளுக்குக் கோபம் இருக்கலாம். இருந்தால் கேட்டுக்கொள், நியாயம் அவள் பக்கம்தான். கம்பெனி வைத்த வகுப்பில் படித்த உனக்கு அவர்கள் பாஷை இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும், நடந்ததை நடந்தபடி சொல். வீட்டில் வெள்ளம் வந்தது, மகன் படுத்திருந்தான், அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது, அந்த மகன் நான்தான் என்று சொல். மார்ச் மாதத்திலும் நீ அங்கே இருப்பாய் அல்லவா, அப்போது ஊர் முழுவதும் வீட்டுக்கு வீடு ஒரு பொடி மீனை சோயா ஊற்றிக் காய்ச்சுவார்கள், தெருவே மணக்கும். அவர்கள் அதில் சாராயம் ஊற்றுவார்கள் என்பதால் எனக்கென்று தனிச் சட்டியில், ஊற்றாமல், ஒரு முறை காய்ச்சிக் கொடுத்தாள் அவள். கொடுத்தால் தயங்காமல் சாப்பிடு. நான் அவளுக்கும் இன்று ஒரு கடிதம் எழுதுகிறேன். ஜப்பானிய எழுத்து பாதி மறந்துவிட்டது. தெரிந்த வரைக்கும் எழுதி, மீதிக்குப் படம் போடுகிறேன், பேட்டர்ன் போடுகிற கைதானே.

அத்தா இன்று கடையைப் பதினோரு மணிக்குத்தான் திறந்தார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போயிருந்தார். ஐம்பது வயசு வரை செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் போகவே சலித்துக்கொண்ட மனுஷன், "வர்ற ஏப்ரல்ல அந்தப் பூ எத்தனாம் தேதி கொட்டும்?" என்று என்னைக் கேட்கிறார். ஸ்டுடியோக்காரர் "சார், பாஸ்போர்ட்டுக்கு சிரிக்கக் கூடாது சார்" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாராம். மூன்று போட்டோவையும் கொண்டுவந்து காட்டினார், ஒன்றிலும் வாய் மூடவில்லை. நாளைக்கு மறுபடி எடுக்கப் போகிறார்.

துஆவுடன்,
அம்மா